வாசலில் நாற்பத்து நாலு, பொடக்காலியில் இருபத்தெட்டு

ஒரு முடிவு. ஒரே ஒரு முடிவு. இந்த வீட்டில் அதை நான் எடுத்தே தீருவது என்று 2006-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போது சபதம் செய்தேன். வாய் நிறைய பேஸ்ட் இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஜோதிமணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஜோதிமணி என் மனைவி. நான் நல்லுசாமி. கரூர்ப் பக்கத்து ஆள். ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே என் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டு. நம்பர் பதினேழு. அதை நான் குத்தாமல் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு கேட்டைத் தாண்டாது. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் தாண்டாது. வீட்டிலோ சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்லக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. வீட்டுக்கு நீலம் அடிக்கலாம் என்றேன், ரோஸ் அடித்தாள். திருப்பதி போகலாம் என்றேன், பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தோம். நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிர். இது பன்னிரண்டு வருஷத்து டேட்டா.

நான் எடுக்கவிருந்த முடிவு, வீட்டுக்கு நிழல் போடுவது பற்றியது.

எங்கள் வீடு பாகலூர் ரோட்டில், தெற்குப் பார்த்தது. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. ஓசூர் குளுகுளு என்று சொல்லித்தான் என்னை இங்கே வேலைக்கு இழுத்தார்கள். அந்தக் குளுகுளு எங்கள் லேஅவுட்டுக்கு மட்டும் வழி தெரியாமல் எங்கோ போய்விட்டது. வாசலிலும் வெயில், பின்னாடி பொடக்காலியிலும் வெயில். பொடக்காலியில் இருக்கிற துவைக்கிற கல்லில் அப்பளம் பொரிக்கலாம்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் வாசலில் என் ஈஸி சேரைப் போட வேண்டும். கையில் காபி, மடியில் பேப்பர். தெருவில் யார் போகிறார்கள், யார் புது வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் கேட்டுக்கு முன்னால்தான் மூன்று கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். தெரு எப்போதும் கலகலவென்று இருக்கும். ஆனால் அந்த வெயிலில் சேரைப் போட்டால் மனிதன் கருவாடாகிவிடுவான்.

அந்த வருஷத்து போனஸ் ஒரு இடத்துக்கு நிழல் போடத்தான் காணும். வாசலா, பொடக்காலியா?

பக்கத்து வீட்டு கங்கப்பனிடம் யோசனை கேட்டேன். பாகலூர்க்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

"சார், நீங்க வாசல்னு மட்டும் சொல்ல பேடா! சொன்னா மேடம் பொடக்காலின்னுவாங்க. உல்டாவா சொல்லுங்க சார். பொடக்காலின்னு சொல்லுங்க. தானா வாசலுக்கு வருவாங்க நோடி!"

ஆஹா! இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நேரே சமையலறைக்குப் போனேன்.

"ஜோதிமணி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். பொடக்காலிக்கே போட்டுருவோம். நீ பாவம் வேகாத வெயில்ல நின்னு துவைக்கற. எனக்கு மனசு கேக்கல."

கரண்டியோடு திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமாலுமாங்க?"

"சத்தியமா."

"சரிங்க."

"என்னது?"

"சரிங்கன்னேன். நீங்க சொன்னா அதுல என்ன தப்பிருக்கப் போவுது? பொடக்காலிக்கே போட்டுருங்க."

எனக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டு வருஷமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த 'சரிங்க'. அடப்பாவமே, அது இந்த நேரத்திலா வந்து தொலைய வேண்டும்!

"இல்ல ஜோதிமணி, நீ ஒருவேள வாசலுக்கு ஆசப்படறயோ என்னமோன்னு..."

"எனக்கென்னங்க வாசல்ல வேல? நான் என்ன கலெக்டரா, வாசல்ல ஒக்காந்து மனு வாங்க?"

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கம்பெனியில் நட்டு ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது மூளையில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. சாயங்காலம், கம்பெனி ஸ்டோரில் கழித்துப்போட்ட இரண்டு தெர்மாமீட்டரோடு வீட்டுக்கு வந்தேன்.

"எங்க கம்பெனியில எதையுமே வாய்ப்பேச்சுல முடிவு பண்ணமாட்டோம் ஜோதிமணி. அளந்து பாத்துத்தான். வாசல்ல ஒண்ணு, பொடக்காலியில ஒண்ணு மாட்டறேன். நான் ஷிப்டுல இருப்பேன். நீ தெனம் பன்னண்டு மணிக்குப் பாத்து எழுது. ஒரு வாரம். எங்க சூடு ஜாஸ்தியோ அங்க நிழல்."

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். ஆனா எழுதுன பொறவு பேச்சு மாறக்கூடாது."

"மாறுவனா? நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்!"

இனி சொல்லப்போவதை தயவுசெய்து என் கம்பெனியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வாசல் தெர்மாமீட்டரை இரும்பு கேட்டில், வெயில் நேராக அடிக்கிற கம்பியில் கட்டினேன். பொடக்காலி தெர்மாமீட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஜோதிமணி ஈர பெட்ஷீட் காயப்போடுகிற கொடிக்குப் பின்னால், நிழலான நிழலில் தொங்கவிட்டேன். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு அளவையும் நான் பொய்யாக எடுத்ததில்லை. அவிழ்த்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஈஸி சேரை நினைத்துக்கொண்டேன். முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

ஒரு வாரம் கழித்து சீட்டை வாங்கிப் பார்த்தேன். வாசல்: நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு, நாற்பத்து நாலு. பொடக்காலி: இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஒரு நாள் இருபத்தேழு! ஏப்ரல் மாதம் உச்சி வெயிலில் இருபத்தேழு என்றால் அது என் பொடக்காலி இல்லை, ஊட்டி. கம்பெனியாக இருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்து எழுதினவன் முகத்திலேயே எறிந்திருப்பேன்.

"பாத்தியா ஜோதிமணி? வாசல்தான்! நான் பொடக்காலிக்குத்தான் ஆசப்பட்டேன். என்ன பண்றது, அளவு அப்படி வந்துருச்சு."

"ஆமாங்க. பொடக்காலி சில்லுன்னுதான் இருக்குது. கீழ கையெழுத்துப் போடலீங்களா? போட்டாத்தானுங்க செல்லும்?"

போட்டேன். அவள் சொன்னாளே என்று மறுநாள் ஸ்டாம்பையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து குத்தினேன். 'சரிபார்க்கப்பட்டது - 17.' அவள் சீட்டை நான்காக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

வெல்டிங் கடை முனிராஜ் மொபெட்டில் துண்டு துண்டாக மாதிரிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். என்ன போடுவது என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கூட ஜோதிமணியும் இருந்தாள், அவ்வளவுதான்.

"தகர ஷீட்டு போடலாமா சார்? இருவது வருசம் நிக்கும்."

"வேண்டாங்ணா," என்றாள் ஜோதிமணி. "மழ பெஞ்சா தடதடன்னு அடிக்கும். இவர் கம்பெனியில கேக்கற சத்தம் பத்தாதா?"

என் காதுமேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை!

"பச்ச பைபர் ஷீட்டு? நம்ம கங்கப்பன் சார் வீட்ல போட்டதுதான்."

"அதுக்குக் கீழ நின்னா எல்லாமே பச்சையாத் தெரியுதுங்ணா. செவப்பு எது, ஊதா எதுன்னே புரியல. எனக்கு எங்கூட்டுக்காரர் மொகம் அதோட நெறத்துலயே தெரியோணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முனிராஜ் தரையைப் பார்த்தார்.

கடைசியாக, ட்ரெயினிங்குக்கு பெங்களூர் போனபோது ஒரு காபிக் கடை வாசலில் பார்த்ததைச் சொன்னேன். கைப்பிடியைச் சுற்றினால் விரிகிற கேன்வாஸ் பந்தல். வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளலாம். முனிராஜுக்கு அது தெரிந்திருந்தது. நீலக்கோடு போட்டது வேண்டும் என்றேன் நான். வெளிச்சம் வருகிற மாதிரி வெறும் சந்தன நிறம் போதும் என்றாள் அவள். சந்தன நிறம் என்று முடிவெடுத்தேன்.

"ரோட்டுப் பக்கம் ரெண்டடி சேத்துப் போட்டுருங்ணா. இவர் கால் நீட்டி ஒக்காருவாரு, மழச்சாரல் அடிக்கும். அப்படியே வெளிய ஒரு பிளக் பாயிண்டு. இவருக்கு ஃபேன் வெக்க."

நான் அசந்து நின்றேன். இந்தப் பெண்ணையா பன்னிரண்டு வருஷமாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெல்டிங் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அப்போது வெல்டிங்கே ஆரம்பிக்கவில்லை.

சனிக்கிழமை பந்தல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ராஜா. காலை நீட்டி, சாய்ந்து, பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரை படித்தேன். கங்கப்பன் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் சார்! உல்டா வேலை செஞ்சுது பாத்தீங்களா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தெருமுனையில் திரும்பினேன். எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். யாருக்கு என்ன ஆச்சோ என்று செருப்பு ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம் பறக்க ஓடினேன்.

பந்தலுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். நடுவில் ஒரு தையல் மிஷின். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஜோதிமணி. மிஷினின் மோட்டார் ஒயர் என் ஃபேனுக்கான பிளக் பாயிண்டில் இருந்தது. என் ஈஸி சேரில் மலை மாதிரி நீல யூனிபார்ம்.

"வந்துட்டீங்களா? காபி பிளாஸ்க்குல இருக்குதுங்க."

"இதெல்லாம் என்ன ஜோதிமணி?"

"யூனிபார்முங்க. புதுசா சேர்ற புள்ளைங்களுக்கெல்லாம் ஒரே சைஸுல குடுத்தர்றாங்க. இந்தப் புள்ளையப் பாருங்க, சட்டைக்குள்ள இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குது. புடிச்சுத் தெக்கோணுமில்ல?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்கதான் இந்த நெழல் போட்டுக் குடுத்தீங்களாம்ணா? அக்கா சொன்னாங்க. நாங்க தெனமும் வெயில்லயே நின்னு சாவோம். ரொம்ப தேங்ஸ்ணா."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "பரவால்லம்மா," என்றேன் பெரிய மனிதன் மாதிரி.

அந்த மிஷின் எனக்குத் தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்தவள் அவள். சீராகக் கொண்டுவந்த மிஷினின் மேல் நான் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருந்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால், வாசலில் வைத்துத் தைக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். வீட்டு முன்னால் கடை போட்டால் என் கௌரவம் என்னாவது என்று கத்தினேன். அதோடு அவள் கேட்கவில்லை. நான் மறந்தும் போனேன்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

"அப்ப உனக்கு மொதல்லருந்தே வாசல்தான் வேணுமா?"

"ஆமாங்க."

"பொடக்காலிக்குச் சரின்னயே!"

"நான் வாசல்னு கேட்டா நீங்க கௌரவம்னு ஆரம்பிச்சிருப்பீங்க. பொடக்காலிக்குச் சரின்னா, வாசலுக்கு நீங்களே எப்படியாச்சும் வழி கண்டுபுடிப்பீங்கன்னு தெரியும். உங்க மூளையில எனக்கு நம்பிக்க இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தில் நான் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. சந்தன நிறத் துணிக்குக் கீழே, அது அதனுடைய நிறத்திலேயே தெரிந்தது. நான்கு வருஷமாக அந்த வெளிச்சத்தின் மேலும் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருந்தவன் நான்தானே என்று மனசு உறுத்தியது. பரணில் கிடந்த பலகையை எடுத்து 'ஜோதிமணி தையலகம்' என்று நானே எழுதி கேட்டில் மாட்டினேன். எழுத்தை ஸ்கேல் வைத்து அளந்துதான் எழுதினேன். கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. தெருவில் இப்போது என்னை "தையல்காரக்கா வீட்டுக்காரர்" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஈஸி சேர்தான் பொடக்காலிக்குப் போனது. மறுநாள் மூன்று மணிக்கு அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். வாசலுக்கு ஓடினேன்.

"ஜோதிமணி, அடுத்த போனஸ்ல பொடக்காலிக்கும் ஒண்ணு போட்டுருவோமா? உசுரு போவுது!"

அவள் மிஷினை நிறுத்தினாள். உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து வந்து என் முன்னால் பிரித்தாள்.

"பொடக்காலி இருபத்தெட்டு. கீழ யாரு கையெழுத்துங்க? யாரு ஸ்டாம்புங்க?"

ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. "அது வந்து... அந்த தெர்மாமீட்டர நான்தான் ஈர பெட்ஷீட்டுக்குப் பின்னாடி..."

"தெரியுமுங்க. நடுவால காஞ்சு போச்சுன்னா உங்களுக்குக் கஷ்டமாச்சேன்னு தெனமும் பன்னண்டு மணிக்கு நான்தான் அதுல ஒரு குடம் தண்ணி ஊத்துனேன். இருபத்தேழு வந்த அன்னிக்கு ரெண்டு குடம்."

இப்போதெல்லாம் அந்த பெட்ஷீட்டை நானே நனைத்துக்கொள்கிறேன்.