ஐந்தெழுத்து மாப்பிள்ளை

அந்த அடையாறு வீட்டு ஹாலில் அன்று இருந்தவர்கள்: என் அம்மா. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வாய் ஓயாதவர். பெண்ணின் அப்பா, தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கேஷியர், வாயே திறக்காதவர். பெண்ணின் அம்மா, புதுப் பட்டுப்புடவையில். பெண் ரேவதி. அவளுடைய பெரியப்பா, கையில் செல்போனோடு. அப்புறம் நான், மாமாவின் சட்டையில்.

ஏழு பேர். அதில் வடிகட்டின முட்டாள் யார் என்பதில் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் போட்டி.

நான் பிளம்பர். வேளச்சேரியில் குடியிருப்பு. படிப்பு எட்டாவதோடு சரி. அதற்கு முன் பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில், "பிளம்பரா?" என்று கேட்டுவிட்டு காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அதனால் இங்கே மாமா, பையன் வாட்டர் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கே தெரியும்.

"இன்னா மாமா இது?"

"உன்னால நாலு வீட்ல தண்ணி வருதா இல்லியா? அப்போ இன்ஜினியர்தான். கம்முனு வா, நைனா."

கம்முனு போனேன். (அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். அதைக் கம்பீரம் என்று வேறு அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ரேவதி கேசரி கொண்டு வந்தாள். தட்டை வைத்தாள். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். இந்த இடம் அமைந்தால் போதும் என்று எனக்கு ஆகிவிட்டது.

ஆனால் முடிவு பெரியப்பா கையில் இருந்தது. அவர் தினமும் காலையில் செல்போனில் ஒரு விளையாட்டு ஆடுவார். ஐந்து எழுத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் தொடர்ந்து ஜெயித்து ஜெயித்து, தப்பித் தவறி அடையாற்றில் பிறந்துவிட்ட வெள்ளைக்காரர் ஆகிவிட்டார். வருகிற மாப்பிள்ளையையும் அதை வைத்துத்தான் எடை போடுவாராம். வேலை, குணம், குடி எதுவும் கேட்கவில்லை.

"இன்ஜினியருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. மூணு கேள்வி. மூணும் சொல்லிட்டா இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். ஒண்ணு தப்பினாலும் வேற இடம் பார்க்க வேண்டியதுதான்."

பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் போல.

"அஞ்சு எழுத்து. உள்ள ஏ இருக்கணும், ஆர் இருக்கணும்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சாமான் வரும் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்தது. "வாட்டர்" என்றேன்.

விரல் விட்டு எண்ணினார். "சரி. அடுத்தது. எல், யு."

மாமா என் தொடையைக் கிள்ளினார், அவருக்கு என்னவோ தெரிந்த மாதிரி.

"ஃப்ளஷ்."

கையில் எடுத்த கேசரியைப் பெரியப்பா தட்டிலேயே வைத்தார். "சாப்பிடற நேரத்துல இதுதான் கெடைச்சுதா?"

"எழுத்து சரியா கீதா சார்?" என்றார் மாமா.

சரியாகத்தான் இருந்தது.

"கடைசி. வி, இ. ரெண்டு நிமிஷம்." செல்போனில் நேரம் வைத்தார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. காரணம் சமையலறைக் குழாய். நான் உள்ளே வந்ததிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் முன்னால் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. வி என்று நினைத்தால் டொக். இ என்று நினைத்தால் டொக். எழுந்து போனேன்.

"எங்க போறார்?" என்றார் பெரியப்பா.

"கொழா சொட்டுது சார்."

"அது மூணு மாசமா சொட்டுது. நீங்க வந்து உக்காருங்க."

குழாயில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். பழைய குழாய். கை வைக்கும் முன் வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருவது இது. வால்வு எங்கே என்று வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஆனால் அதைப் பிளம்பர்தான் கேட்பான், இன்ஜினியர் கேட்பானா? குட்டு உடைந்துவிடும் என்று கேட்காமலே திருகினேன். என் புத்திசாலித்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குழாய் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் முதலில் என் முகத்தில் அடித்தது. பிறகு ஓடி வந்த பட்டுப்புடவையில். கட்டைவிரலால் அடைத்தேன். அது பக்கவாட்டில் பீய்ச்சி, கதவு தாண்டி, ஹாலில் கேசரிக்குப் போனது.

"வால்வு!" என்று கத்தினேன். "வால்வு எங்க?"

ஹாலில் பெரியப்பா நனைந்த கையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "வி, ஏ, எல், வி, இ. சரி" என்றார். நேரம் இன்னும் பாக்கி இருந்ததாம்.

ரேவதிதான் மொட்டைமாடிக்கு ஓடி வால்வை அடைத்தாள். இறங்கி வந்து தாவணி முனையைப் பிழிந்தபடி கேட்டாள்.

"நீங்க பிளம்பர்தானே?"

மாமா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "ஆமா."

"வந்தவுடனே சொல்ல வேண்டியதுதானே? ஒரு பிளம்பர் கெடைக்காம மூணு மாசமா துணி சுத்திட்டிருக்கேன்."

அப்போதுதான் அவள் அப்பா முதல் தடவையாகப் பேசினார். "வாஷர் போதுமா தம்பி, கொழாயே மாத்தணுமா?"

"கொழாயே மாத்தணும் சார்."

"மாத்திடுங்க. அண்ணே, தட்டையும் மாத்திடலாம்."

"இன்ஜினியர்னு பொய் சொல்லியிருக்காங்கடா."

"நீங்க கேட்டது இங்கிலீஷ்தானே அண்ணே. மூணும் சொல்லிட்டாரே."

பெரியப்பா செல்போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. மாமியார் அந்தப் புடவையைத் தூக்கிப் போடவில்லை. சாயம் போன இடத்தை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். சொந்தத்தில் யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் எனக்கு போன் வரும். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். "அஞ்சு எழுத்து, வி, இ" என்பார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் பெரியப்பா அந்த விளையாட்டை ஆரம்பிப்பார். என்னைச் சேர்க்கமாட்டார். என் பழைய மதிப்பெண்ணை மட்டும் வருஷா வருஷம் எல்லோர் முன்னாலும் சொல்வார். அதற்குப் பிறகு என் இங்கிலீஷும் வளரவில்லை, மதிப்பெண்ணும் ஏறவில்லை.

மூன்று.