முதல் பாகத்தார்

மனித குலத்தில் முதல் பாகத்தார் என்றொரு பிரிவு உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே எந்தப் பேச்சு நடந்தாலும் ஓரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன இருந்தாலும் மொதல் பாகம் மாதிரி வருமா?" என்று கேட்டு, அதுவரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஏதோ தப்புப் பண்ணியவர்கள் போலத் திருதிருவென்று முழிக்க வைப்பாரே, அவரேதான். எதன் முதல் பாகம்? எதுவாக இருந்தால் என்ன! நம் ஆளுக்கு அது ஒரு துப்பாக்கி ஆட்டம்.

டிவியில் ஆடுகிற ஆட்டம். பெயர் 'ஏழாம் படை'. இப்போது ஓடுவது அதன் ஒன்பதாம் பாகம். பெயரை மாற்ற வேண்டும் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நம் ஆளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, கடைக்கு மேலேயே வீடு. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "மொதல்ல பார்த்தது தெளிவா, இப்ப பார்க்கறது தெளிவா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. "இப்பதாங்க பளிச்சுன்னு இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் லேசாக வாடும். ஆனால் பவரை ஒழுங்காகத்தான் எழுதுவார். தொழில் வேறு, கொள்கை வேறு.

அந்த ஆட்டத்தைச் செய்கிற கம்பெனிக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. புதுசாக எதையாவது சேர்த்தால், "கெடுத்துட்டான்யா!" என்பார். அவர்கள் பயந்துபோய் அடுத்த பாகத்தில் எதையும் தொடாமல் விட்டால், "ஆறிப் போனதையே சுட வெச்சு ஊத்தறான்" என்பார். சரி, பழைய ஆட்களுக்குப் பாதி, புது ஆட்களுக்குப் பாதி என்று பங்கு பிரித்து ஒன்று செய்து பார்த்தார்கள். "ரெண்டுங்கெட்டான்." முடிந்தது தீர்ப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் பாகம் வந்த அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டவர், ஐந்து வந்ததும் "மூணு பரவால்ல" என்றார். ஏழு வந்ததும் "மூணுல ஒரு அழகு இருந்துச்சுய்யா" என்று கண் கலங்கினார்.

ஒன்பதாம் பாகத்தில் அவர் வயிறு எரிவதற்கு எல்லாமே இருந்தன. சிப்பாய்க்கு ரோஸ் நிறத்தில் முயல் வேஷம் போட்டு, நீளமாக இரண்டு காதும் வைக்கலாம். எதிரியைச் சுட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று டான்ஸ் ஆடலாம். இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் சறுக்கல்! ஓடுகிற ஓட்டத்திலேயே தரையில் சர்ரென்று சறுக்கி, மூலை திரும்பி, சறுக்கிக்கொண்டே சுடுவது. இன்றைய பிள்ளைகளுக்கு அதுதான் உயிர்.

"மானமுள்ள சிப்பாய் ஓடுவான், குனிவான், தவழுவான். சறுக்க மாட்டான்" என்பார். "இப்ப சறுக்க அமுக்கறாங்களே, அந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியுமா? மொதல் பாகத்துல குண்டு போடறதுக்கு. அமுக்கினா காலடியில விழும். அந்தப் பட்டனைப் புடுங்கி சறுக்கலுக்குக் குடுத்தான் பாரு, அன்னிக்கே ஆட்டம் செத்துப் போச்சு."

அப்படியானால் ஒன்பதாம் பாகத்தை அவர் தொடுவதே இல்லையா? அதெப்படி! ஆடாமல் எப்படிக் குறை சொல்வது? மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட மேலே வருவார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கன்ட்ரோலர் கையில் இருக்கும். "என்ன பண்றீங்க?" என்று மனைவி கேட்டால், "குறை எடுக்கறேன்" என்பார். குறை எடுத்து முடிவதற்குள் கீழே கடை வாசலில் இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் கூட்டணி ஆட்டம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூட ஆடுகிற பல் டாக்டர், அச்சகக்காரர், கல்யாணத்தோடு சேர்ந்து வந்த மைத்துனன், நம் ஆள். அவர் வீட்டு ஹாலில், டிவியை நாலு கட்டமாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரே பக்கம் நின்று எட்டாம் பாகம் ஆடுவார்கள்; அதில் அந்தப் பட்டனுக்கு வேலையே கிடையாது. நம் ஆள்தான் தளபதி. பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. மற்ற மூவரும் ஆட்சேபிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டணியில்தான் ஒரு நாள் விரிசல் விழுந்தது.

"மாமா, கோச்சுக்காதீங்க. நாங்க மூணு பேரும் ஒன்பதுக்குப் போயிடலாம்னு இருக்கோம். அவங்கவங்க வீட்லேர்ந்தே ஆடலாம். நீங்க வந்தா சந்தோஷம்" என்றான் மைத்துனன்.

நம் ஆள் சோபாவைப் பார்த்தார். ஆட்டம் போனால் போகட்டும். இந்த மூன்று பேரும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த சோபாவில் யார் இருப்பார்கள்? கடையில் வருகிறவர்களெல்லாம் கண்ணைப் பற்றிப் பேசுவார்கள். அவரிடம் மற்றதைப் பேச இந்த மூவரை விட்டால் ஆளே கிடையாது. நல்லவேளை, அந்த வாரம் பார்த்துக் கம்பெனிக்காரன் முதல் பாகத்தை ஒரு நூல்கூட மாற்றாமல் மறுபடி வெளியிட்டிருந்தான்.

"மாப்ள, ஒரே ஒரு ஞாயிறு. மொதல் பாகம் ஆடிப் பாருங்க. ஒத்து வரலேன்னா போயிடுங்க, தளபதி பட்டத்தையும் இங்கயே வெச்சுடறேன்" என்றார்.

ஞாயிறு வந்தது. அணைக்கட்டுச் சண்டை. "என் பின்னாடி வாங்க. இங்க ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்" என்று தளபதி முன்னால் ஓடினார். மூலை வந்தது. டமார்! நாலு கட்டமும் சிவந்தன. எதிரி யாரும் இல்லை. தளபதியே காலடியில் குண்டைப் போட்டிருந்தார்.

"கை தவறிடுச்சு" என்றார்.

அடுத்த மூலை. டமார்! "கன்ட்ரோலர் சரியில்ல" என்று பல் டாக்டரின் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். மறுபடி டமார்! "நான் பின்னாடி வர்றேன், நீங்க முன்னாடி போங்க" என்றார். இந்தத் தடவை மூன்று பேரும் முதுகுக்குப் பின்னால் வெடித்த குண்டில் செத்தார்கள்.

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அது கன்ட்ரோலர் இல்லீங்க, உங்க கட்டை விரல். மூலை வந்தாலே தானா போய் அந்தப் பட்டன்ல உக்காருது. தெனம் மத்தியானம் பார்க்கறேனே!"

அச்சகக்காரர் மெல்லக் கேட்டார்: "தளபதி, தெனம் மூலை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"குறை எடுப்பேன்."

பதில் யாருக்கும் போதவில்லை. அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "சரி, போங்க. ஒன்பதே ஆடுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தார். மைத்துனன் சங்கடத்தோடு ஒன்பதாம் பாகத்தைப் போட்டான். திரையில் நம் ஆளின் சிப்பாய் வந்து நின்றது. ரோஸ் நிற முயல். நீளமாக இரண்டு காது. தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'சறுக்கல் சக்கரவர்த்தி'. எல்லோரும் பார்க்கிறார்களே என்று அது டான்ஸ் வேறு ஆட ஆரம்பித்தது.

பல் டாக்டர் தன் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். நம் ஆள் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றார். இதோடு தொலைந்தோம் என்றுதான் நினைத்தார்.

"மாமா! இந்தக் காது எனக்கே கெடைக்கலயே! எப்படி வாங்கினீங்க? சொல்லிக் குடுங்க மாமா" என்றான் மைத்துனன்.

மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சோபாவின் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல நல்லா வேகம் எடுக்கணும்டா மாப்ள. மூலைக்குக் கொஞ்சம் முன்னாடியே அமுக்கணும்..."

அன்றைக்கு அவர்கள் தோற்கவே இல்லை. வீட்டுக்குப் போக யாரும் அவசரப்படவும் இல்லை. தளபதி பட்டம் முயல் காதோடு அவரிடமே நிலைத்தது.

இப்போது பத்தாம் பாகம் வரப் போகிறதாம். பழைய ரசிகர்கள் இத்தனை வருஷமாகக் கெஞ்சியதற்கு மனமிரங்கி, கம்பெனிக்காரன் சறுக்கலை எடுத்துவிட்டானாம். செய்தியைக் கேட்டதும் நம் ஆள் கண்ணாடிச் சில்லைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"சறுக்கல் இல்லாம அதெல்லாம் ஒரு ஆட்டமா? என்ன இருந்தாலும் ஒன்பதாம் பாகம் மாதிரி வருமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போனில் ஒரு பொத்தான் இடம் மாறிய அன்றைக்கு நீங்கள் வீட்டில் பேசிய பேச்சை நான் வெளியே சொல்லப் போவதில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயோ, 'என்ன இருந்தாலும் முதல் பத்தி மாதிரி இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறக்காமல் கண்ணாடிக் கடை மாடிக்கு வந்துவிடுங்கள். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.