மூன்றாம் இசைத்தட்டில் ஆணி அடிக்கலாகாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் தங்கள் ஒரே தங்கையின் கணவன், தொழிலால் வழக்கறிஞன், உயில், பத்திரம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை எழுதுவதில் தேர்ந்தவன், நடனத்தில் முன் அனுபவம் இல்லாதவன்.

2. இக்கடிதம் சுயநினைவோடும், எவருடைய வற்புறுத்தலுமின்றியும், பின்னணியில் இசை ஏதும் ஒலிக்காத நிலையிலும் எழுதப்படுகிறது. கடைசி நிபந்தனை பாதிக் கடிதம் வரைதான் காப்பாற்றப்பட்டது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

3. இவ்விடம் நாங்கள் நலம். ‘நலம்’ என்னும் சொல் எழுதும் நேரத்து நிலையை மட்டுமே குறிக்கும். கடிதம் தங்கள் கைக்கு வந்து சேரும் நேரத்து நிலைக்கு அது உத்தரவாதமாகாது. தங்கள் நலமும் இதே வரம்புக்கு உட்பட்டுச் சிறக்கட்டும்.

தாங்கள் புதிதாகத் திறக்கவிருக்கும் சிற்றுண்டிச்சாலையின் சுவரை அலங்கரிப்பதற்காக, என் வீட்டுப் பரண்மேல் தங்கள் பெயர் தாங்கி இருந்துவரும் இசைத்தட்டுப் பெட்டியை வரும் சனிக்கிழமை வேன் அனுப்பி எடுத்துக்கொள்ளப்போவதாகச் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். தங்கள் சொற்களை அப்படியே தருகிறேன்: “மாப்பிள்ளை, அந்தப் பெட்டி சும்மாதானே தூசி பிடிச்சுக் கிடக்கு. சுவத்துல வரிசையா ஆணி அடிச்சு மாட்டினா ஜோரா இருக்கும். நடுவுல ஓட்டை வேற இருக்கு, ஆணிக்குன்னே செஞ்ச மாதிரி!” நான் அதற்கு “ஆகட்டும்” என்றேன். அந்த ‘ஆகட்டும்’ சட்டத்தின் பார்வையில் சம்மதம் ஆகாது என்று நிறுவுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

நடந்தது இதுதான். பிறர் பொருளைப் பாதுகாப்பில் வைத்திருப்பவன், திருப்பிக் கொடுக்குமுன் அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பெட்டியை இறக்கினேன், தூசி தட்டினேன், தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆனால் இசைத்தட்டின் நிலையைக் கண்ணால் பார்த்துச் சான்றளிக்க முடியுமா? காதால் கேட்டல்லவா சொல்ல வேண்டும்? ஆகவே, அதே பரணில் கிடந்த பழைய ரெக்கார்டு பிளேயரையும் இறக்கி, ரேடியோ பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு வரவழைத்தேன். என் தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவே: கடமையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன்.

“சார், புது பெல்ட் போட்டாச்சு, புது ஊசியும் போட்டாச்சு. ஒரு தட்டு குடுங்க, ஓட்டிப் பார்த்துடலாம்” என்றார் அவர். கொடுத்தேன். ஏதோ முழங்கத் தொடங்கியது. நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, பாடுபவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. அழைப்பாணை அனுப்பியும் வராத சாட்சியைப்போல் எரிச்சல் மூட்டினார்.

“பாடகர் எப்போது வருவார்?” என்று கேட்டேன்.

“அவர் வரமாட்டார் சார். இதுல பாட்டே கிடையாது. டிஸ்கோ காலத்து வாத்திய இசை. பெட்டி முழுக்க இதேதான்.”

“பாட்டே இல்லாமல் இவ்வளவு நேரம் எதற்கு?”

“அதை என்னைக் கேக்காதீங்க சார். உங்க காலைக் கேளுங்க.”

குனிந்து பார்த்தேன். என் வலது கால், என்னிடம் முன் அனுமதி பெறாமல், தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இடது கால் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதுவும் கட்சி மாறிவிட்டது.

மைத்துனரே, சொற்களோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்ப்பவன் நான். ஒருவன் ‘உன்னை என்றும் பிரியேன்’ என்று பாடினால், ‘என்றும்’ என்றால் எவ்வளவு காலம், பிரிந்தால் பரிகாரம் என்ன, இதற்குச் சாட்சி யார் என்று கேட்கத் தோன்றும். அதனால் பாட்டுக் கேட்பதையே விட்டிருந்தேன். இந்த இசையில் யாரும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆகவே மீறப்படுவதற்கும் ஒன்றுமில்லை! எழுத்துப்பிழையில்லாத, இரு பொருளில்லாத, ஓட்டையில்லாத ஓர் ஆவணத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். (நடுவிலுள்ள ஓட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

முதல் தட்டில் டிரம் தும், தும், தும், தும் என்று விழுகிறது. நான்கு அடிக்கும் ஒரே எடை. எந்த அடிக்கும் முன்னுரிமை இல்லை. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்பதைப் படித்திருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான். இரண்டாம் தட்டில் கிட்டார்க்காரர் கம்பியை மீட்டவில்லை, அவசர விருந்துக்கு வெங்காயம் நறுக்குகிறார்: சக்குச்சக்கு, சக்குச்சக்கு! அதற்குமேல் ஒரு புல்லாங்குழல், சமையலறையில் வேலையே செய்யாமல் சுற்றிவரும் விருந்தாளியைப்போல் கொஞ்சிக்கொண்டு திரிகிறது. ஆனால் மூன்றாம் தட்டின் இரண்டாம் பக்கம் இருக்கிறதே! முதலில் பாஸ் கிட்டார் மட்டும், வீட்டுக்காரர் உறங்குகிறார் என்று தெரிந்த பூனையைப்போல் படியிறங்கி வருகிறது. பிறகு டிரம். பிறகு வயலின்கள், ஒன்றிரண்டல்ல, ஒரு படையே, மூச்சுவிடாமல் மாடியேறுகின்றன. ஏறி ஏறி, இனி ஏற மாடியே இல்லை என்னும் இடத்தில், எல்லாரும் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள்! டிரம்மும் கைதட்டலும் மட்டும் மிச்சம். என்ன ஆயிற்று, எங்கே போனார்கள் என்று நாம் தவிக்க வேண்டும். வாய்தா என்றாலே வெறுப்பவன் நான். ஆனால் வாய்தா கொடுத்தால் இப்படியல்லவா கொடுக்க வேண்டும்! பிறகு அந்தப் பூனை மட்டும் திரும்ப வருகிறது. அதன் பின்னாலேயே டிரம்பெட், வயலின், கிட்டார் எல்லாம் கதவை உடைத்துக்கொண்டு... அடடா, அடடா! முதல்முறை கேட்டபோது நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். நீதிபதி உள்ளே வரும்போது தவிர வேறெதற்கும் நான் அப்படி எழுந்ததில்லை. இதன் நடுவிலா ஆணி?

இதையடுத்துச் சில இடையூறுகள் நேர்ந்தன. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எந்நேரமும் ஊதலோடு இருப்பதால் விசில் மாஸ்டர் என்று பெயர். படிக்கட்டில் என்னை மறித்தார்.

“என்ன வக்கீலே, உங்க வீட்டுல யாரு தரையைச் சுத்தியலால அடிக்கறது?”

“அது டிரம்.”

“டிரம்மா? உங்க வீட்டுலயா? கதவைச் சாத்தறதுக்கே மன்னிப்புக் கேக்கற ஆளாச்சேய்யா நீரு!”

அன்றே அவர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். சங்கத்தின் வழக்கப்படி, புகார் வந்தால் எதிராளிக்கு எச்சரிக்கை அறிவிப்பை எழுதுபவர் சங்கத்தின் சட்ட ஆலோசகர். சட்ட ஆலோசகர் நான். கட்சிக்காரருக்குத் துரோகம் செய்யக்கூடாதென்று, எனக்கு எதிரான அறிவிப்பை என் முழுத் திறமையையும் செலுத்தி எழுதினேன். எழுதி, கீழே போய் என் தபால்பெட்டியில் போட்டேன். மேலே வந்து, மறுபடி இறங்கிப்போய் எடுத்துப் பிரித்தேன். ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். தப்பிக்க ஒரு சந்துகூட வைக்கவில்லை, பாவி! எழுதியவன்மேல் ஆத்திரம் வந்தது. கொஞ்சம் மரியாதையும் வந்தது. வேறு வழியின்றி, ‘புகார்தாரர் நேரில் வந்து ஒலியைச் சோதித்த பிறகே மேல் நடவடிக்கை’ என்று பதில் அனுப்பினேன்.

விசில் மாஸ்டர் வந்தார். நடுநிலைச் சாட்சியாக, கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையற்காரரையும் கூட்டிவந்தார். வாயில் எப்போதும் ஒரு பொத்தானைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவரைப் பொத்தான் என்றே எல்லோரும் அழைப்பார்கள். மூன்றாம் தட்டைப் போட்டேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்த மாஸ்டர், எல்லாரும் நிறுத்தும் அந்த இடம் வந்ததும், பழக்கதோஷத்தால் ஊதலை வாயில் வைத்து “பீப், பீப்” என்று ஊதிவிட்டார். அது அப்படியே தாளத்தில் போய் உட்கார்ந்தது! “யோவ், இது நம்ம டிரில்லுக்குன்னே போட்டதுய்யா!” என்று அங்கேயே குனிந்து நிமிர ஆரம்பித்தார். புகார் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

பொத்தானோ இசைத்தட்டின் அட்டைப்படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்த பெல்பாட்டத்தைப் பாருங்க சார். முழங்கால்வரைக்கும் ஒட்டிக்கிட்டு, கீழ குடை மாதிரி விரியுது. கீழ்ப்பாதித் துணியில மட்டும் ஒரு பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்.”

“அதற்கென்ன இப்போது?”

“இது போட்டாத்தான் சார் அந்தச் சுழற்சி வரும். உங்க கால்சட்டையில காத்துகூடப் புகாது.”

ஒன்று தைத்துக்கொண்டேன். கருப்புத்தான், தொழிலுக்கு ஏற்ற நிறம். மறுநாள் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்க வேகமாக எழுந்து திரும்பினேன். நான் திரும்பி முடித்த பிறகு, கால்சட்டையின் அடிப்பாகம் தனியாக ஒருமுறை திரும்பியது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “வக்கீலய்யா, வேகம் வாதத்தில இருந்தா போதும்” என்றார். ஆயினும் ஆட்சேபம் ஏற்கப்பட்டது.

இப்போது மாலைதோறும் நாங்கள் மூவரும் என் கூடத்தில் கூடுகிறோம். தங்கள் தங்கை, “ஆடறது ஆடுங்க, அலமாரியில இடிச்சுக்காம ஆடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். தங்கள் வேனைப் பற்றி அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. உடன்பிறந்தோரை மோதவிடுவது என் தொழில். வீட்டில் அதைச் செய்வதில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து அந்த வேனை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது இயலாதென்றால் மூன்றாம் தட்டை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும். அதுவும் இயலாதென்றால் அதை ஆணியில் மாட்டாமல் ஒரு சிறு பலகைமேல் சாய்த்துவைத்து, நான் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். சுவர் வெறுமையாக இருக்குமே என்று கவலை வேண்டாம். என் பழைய சட்டப் புத்தகங்கள் அனைத்தையும் அனுப்புகிறேன். அவற்றில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். நடுவில் எவ்வளவு போனாலும் கருத்து மாறாது.

தங்கள் கடை செழிக்கவும், அடுப்பு அணையாதிருக்கவும், வருகிறவர்கள் வயிறும் மனமும் நிறைந்து போகவும் வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், பாகுபாடின்றிச் சமபங்காக.

இங்ஙனம்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதம் முழுவதையும் இதன்வழி திரும்பப் பெறுகிறேன்.

சாட்சிக் கையெழுத்துக்காகத் தங்கள் தங்கையிடம் இதை நீட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும்தான் நீட்டினேன். “படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு? முழுசாக் குடுங்க” என்றாள். படித்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“இதுக்கு எதுக்கு எங்க அண்ணன்கிட்ட இவ்வளவு கெஞ்சறீங்க?”

“பெட்டி அவருடையதல்லவா?”

“யார் சொன்னா? அது என்னோடது.”

“மேலே அவர் பெயர் இருக்கிறதே?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஆசையா வாங்கிச் சேர்த்தது. அப்பா பார்த்தா வீட்டை ரெண்டாக்கிடுவாருன்னு அண்ணன் பேரை எழுதி வச்சேன். அவருக்கு டிஸ்கோவும் தெரியாது, பிஸ்கோத்தும் தெரியாது. பேரைப் பார்த்துப் பார்த்து, தன்னோடதுன்னே நம்பிட்டாரு போலிருக்கு.”

மைத்துனரே, தாங்கள் ஒரு பினாமி! பினாமியிடம் பாதுகாவலன் மன்றாடியது செல்லாது. “அப்படியானால் இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“சொன்னேனே! வந்த புதுசுலயே பிளேயர் பெல்ட் அறுந்துபோச்சு, மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். மூணு கடையில விலை விசாரிச்சுட்டு முடிவு பண்ணலாம்னீங்க. ஊருல ரெண்டு கடைதான் இருந்துச்சு.”

பெட்டி பிழைத்தது என்ற மகிழ்ச்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆனால் உரிமையாளர் தீர்ப்பை அதோடு முடிக்கவில்லை. “அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டிருக்காரு. வெறுங்கையா விட முடியாது. அந்த மூணாவது தட்டைக் குடுத்துடலாம்.”

“மூன்றாவதா!”

“எனக்கு அது எப்பவுமே பிடிக்காது. வயலின் ஜாஸ்தி.”

உடனே மறுபரிசீலனை மனு கொடுத்தேன். வாய்மொழியாக, ஏறத்தாழ மண்டியிட்டு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, அந்தக் குடைப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டு, முழுசா ஒரு தடவை என்கூட ஆடுங்க. மாஸ்டர்கூட ஆடறது டிரில்லு, அது சேராது. நடுவுல நிறுத்திட்டு யோசிக்கக் கூடாது. அப்புறம் சொல்றேன்” என்றாள்.

ஆடினேன். எல்லாரும் நிறுத்தும் இடத்தில் என் கால்களும் நின்றுவிட, பழக்கத்தால் நீதிமன்றத்துக்குக் குனிவதுபோல் ஒருமுறை குனிந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் வயலின்கள் வந்துவிட்டன. அவளுக்கு எல்லா அடியும் மனப்பாடம், மைத்துனரே. பிடிக்காத தட்டுக்கே இப்படியென்றால்!

மூன்றாம் தட்டு இவ்வீட்டிலேயே இருக்கும். ஆணிகள் தங்களிடமே இருக்கட்டும்.

மூச்சு வாங்கியபடி,
தங்கள் தங்கையின் கணவன்

நிபந்தனை நிறைவேறியதற்குச் சாட்சிகள்:

1. பொத்தான், தையற்காரர். (தையல் எங்கும் பிரியவில்லை.)

2. விசில் மாஸ்டர். (கால் சரி. கை இன்னும் வழக்காடுகிறது.)

3. பெட்டியின் உரிமையாளர். (அண்ணா, சுவத்துல ஒண்ணும் மாட்டாதீங்க. மேஜையெல்லாம் ஓரமாத் தள்ளி வைங்க. கடை திறக்கற அன்னைக்குப் பெட்டியோட வர்றேன்.)