திகதி முடிவதற்கு முதல் நாள்

ஒரு கடதாசியில் திகதி போட்டிருந்தால், அதற்கு முதல் நாளே வெளியேறிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. நூலகப் புத்தகத்தை முடிவு தெரியாமலே திருப்பிக் கொடுப்பேன். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே கல்யாண வீட்டுக்குப் போய், கதிரை அடுக்குகிறவர்களுக்குக் கைகொடுப்பேன். இப்படியான ஒருவன் திருகோணமலைக்குள் கிடக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. கனடாவுக்கு ஏற்றி அனுப்பியதுதான் பிழை.

வியாதி தொற்றியது துறைமுகத்தில். அங்கே ஒரு களஞ்சியத்தில் நான் கிளாக்கர். உள்ளே போக பாஸ் வேண்டும்; பாஸில் திகதி இருக்கும்; அது தாண்டினால் நீங்கள் உள்ளே இருக்கக்கூடாத ஆள். ஒருமுறை பாஸ் முடிந்ததைக் கவனிக்காமல் போய் மாட்டுப்பட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி வாசலில் கிடந்த மரவாங்கில் ஒரு முழுப் பின்னேரம் குந்தியிருந்தேன். கடைசியில் மனைவி வந்தாள். “இந்த மனுசனுக்குக் களவெடுக்கவும் தெரியாது. பிடிச்சு வைச்சு என்ன செய்யப்போறீங்கள்?” என்று காவலாளியிடம் கேட்டாள். அவர் உடனே விட்டுவிட்டார். (அவள் சொன்னதை அவர் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் சிறு மனக்குறை.)

கனடா விசாவை நானும் அவளும் ஒன்றாகத்தான் எடுத்தோம், மகள் வாசுகியின் கல்யாணத்துக்கென்று. சில வருடங்கள் செல்லுபடியாகும் விசா. பிறகு அவளுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். கல்யாணத்தை போனில் பார்த்தோம். அடுத்த வருடம் அவள் இல்லை. இரண்டு கடவுச்சீட்டுகளும் அலுமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

வாசுகிக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்று செய்தி வந்தபோதுதான் என்னுடையதை எடுத்தேன். “அம்மா வந்து நிக்க வேண்டிய நேரம். நீங்களாவது வாங்கோ அப்பா” என்றாள். ஆறு மாதம் நிற்கலாமாம் என்று எங்கள் லிங்கநகர் முழுக்கச் சொன்னேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் நளீம், என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்த கிண்ணியாக்காரன், என் கோழிகளைப் பொறுப்பெடுத்தான். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் பத்தியச் சரக்குச் சாமான்களை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன். மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் இருந்தன. எப்படி அரைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. அது என் தலைக்குள் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அங்கே வாசுகியும் மருமகன் சுதனும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான் மிச்சம். அதுவாவது இடைக்கிடை உறுமும். யன்னலுக்கு வெளியே, கடல் இருக்கவேண்டிய இடத்தில், வாகனத் தரிப்பிடம் இருந்தது. கொண்டுபோன புத்தகங்களை முடித்தேன். சோப்புப் பெட்டியை வாசித்தேன். மைக்ரோவேவின் கையேட்டை இரண்டு தரம் வாசித்தேன் (இரண்டாம் தரம் ஆழமாக இருந்தது). பிறகு ஒரு மத்தியானம் கடவுச்சீட்டைக் கையில் எடுத்தேன்.

விசா அடுத்த கிழமை முடிகிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்னமே.

வந்திறங்கிய அன்று அதிகாரி குத்திய முத்திரையைத் தேடிப் பார்த்தேன். அதில் வந்த திகதி மட்டும் இருந்தது. போகவேண்டிய திகதி எங்கேயும் இல்லை. அப்படியென்றால் விசாவில் இருப்பதுதானே போகிற திகதி? வெளியே பனி கொட்ட, உள்ளே எனக்கு வியர்த்தது. கண்ணை மூடினால் வாங்கு தெரிந்தது, சாப்பாட்டுப் பெட்டி தெரிந்தது. இந்தமுறை வந்து கூட்டிக்கொண்டு போக அவள் இல்லை.

அன்று பின்னேரமே பயணச்சீட்டை மாற்றச் சொன்னேன். சுதன் பொறுமையான பிள்ளை. “மாமா, அது உள்ளுக்கு வாறதுக்குக் கடைசித் திகதி. வந்தாப் பிறகு வேற கணக்கு. வந்த நாளில இருந்து ஆறு மாதம் நிக்கலாம்” என்றார்.

“அந்த ஆறு மாதம் எங்க எழுதியிருக்கு தம்பி? காட்டுங்கோ பாப்பம்.”

எழுதியிருக்கவில்லை. அதிகாரி வேறு திகதி எழுதாமல் விட்டால் ஆறு மாதம் என்பது அந்த நாட்டு வழக்கம். எழுதாத ஒன்றை நம்பி நான் எங்கள் ஊரில் றோட்டைக்கூடக் கடந்ததில்லை. சுதன் அரசாங்கப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அது பொதுவான மனிதர்களுக்கு எழுதப்பட்டது என்றேன். பிறகு சட்டம், சாம்ராச்சியங்கள், அவற்றின் வீழ்ச்சி பற்றி நீளமாகப் பேசினேன்.

வாசுகி குசினியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போறதெண்டா போங்கோ அப்பா. அம்மா எண்டா, பொலிஸ் வந்து கதவைத் தட்டினாலும் இங்க நிண்டு சரக்கு அரைச்சிருப்பா.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும்போது, நேரத்துக்குப் போகிறேன் பாருங்கள் என்ற பெருமையோடு அங்கிருந்த பெண்ணிடம் விசாவைத் திறந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். இது வருவதற்கான திகதிதான், நீங்கள் இன்னும் கனகாலம் நின்றிருக்கலாமே என்று சிரித்தபடி சொன்னாள். என் பெட்டி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். சுதனின் கார் வெளியே இன்னும் நின்றிருக்கும். ஆனால் அவரிடம் போய் ‘நீங்கள் சொன்னது சரி தம்பி’ என்று சொல்வதைவிட, உலகத்தின் மறுபக்கத்துக்குப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி போனைத் திறந்தால் சுதனின் செய்தி. மகன். இரண்டு பேரும் சுகம். நான் எந்தக் கடலுக்கு மேலே பறக்கும்போது அம்மப்பா ஆனேன் என்று இன்றுவரை தெரியாது.

லிங்கநகருக்கு வந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் புகுந்து உள்ளால் பூட்டினேன். ஆறு மாதம் என்று முழங்கிவிட்டுப் போனவன் எந்த முகத்தோடு கடைக்குப் போவது? அடுப்பு மூட்டவில்லை. யன்னல் திறக்கவில்லை. விமானத்தில் தந்த பிஸ்கற்றைத் தின்றுகொண்டு, சொந்த வீட்டில் அனுமதியில்லாமல் தங்கியிருப்பவன்போல விரல் நுனியில் நடந்தேன். கனடாவில் எந்தச் சட்டத்தையும் மீறாத நான் ஒளிந்திருந்தது இங்கேதான். இரண்டு ஊரிலும் எனக்கு ஒரே மாதிரிப் பகல்தான் கிடைத்தது.

அப்போது சுதன் போன் எடுத்தார். “மாமா, நீங்கள் விட்டிட்டுப் போன சரக்கை எப்படி அரைக்கிறது? இவ கேக்கச் சொன்னவ.” பின்னால் குழந்தை அழுவது கேட்டது.

எனக்குத் தெரியாது. தெரிந்தவள் இல்லை. கதவைத் திறந்தேன். நல்ல வெயில். ஒழுங்கை முழுக்க ஆட்கள். எல்லோரும் என்னைப் பார்க்க, நளீம் வீட்டுக்கு நடந்தேன். என் கோழிகளே தலையைச் சரித்துப் பார்த்தன.

“என்ன மச்சான், கனடா இவ்வளவுதானா?” என்றான் நளீம்.

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் மீசை துடித்தது. அவன் மனைவி சபீனா போனை வாங்கி, “படத்தில வரச் சொல்லுங்க அண்ணன், கண்ணால பாத்தாத்தான் சொல்லலாம்” என்றார். திரையில் வாசுகி வந்தாள். சபீனா ஒவ்வொன்றாகச் சொல்ல, அங்கே சுதன் மாவரைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட, நான் பின்னால் ஒரு கோழியோடு நின்றேன். எல்லாம் முடிந்த பிறகு வாசுகி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

“அப்பா, திகதி முடிய முன்னம் பேரனை வடிவாப் பாருங்கோ.”

அப்போதுதான் நளீம் சிரித்தான். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் வாயால் கதை அவன் ஊர் கிண்ணியாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

பேரன் இப்போது நன்றாகக் கதைக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டமுன் நானே முந்திக்கொண்டு, சரி, வைக்கட்டா என்பேன். “அம்மப்பா, உங்கட திகதி முடிஞ்சு போச்சா?” என்பான் அவன். தாய் பழக்கிவிட்ட பேச்சு. அங்கே எல்லோரும் சிரிப்பார்கள்.

“இல்லையடா, இன்னும் இருக்கு” என்று திரும்பவும் கதிரையில் இருப்பேன். அவன் போனை நிலத்தில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடுவான். பிறகு திரையில் அவர்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரியும். தூரத்தில் கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்கும்.

நான் வைக்கமாட்டேன்.