மூச்சு மாஸ்டர் செய்த சர்க்கரை அப்பா

தர்ஷினி, கவினு, இதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள் சாமிகளா. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு லேசில் வரவில்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்காரன் முகத்துக்கு நேராகப் புகை விட்டாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மூச்சு மாஸ்டர் கடைக்குள் மட்டும் ஒருத்தரும் மூச்சு விட முடியாது. அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கேக்கின் மேல் வைக்கிற பொம்மைகளைச் சர்க்கரை மாவில் கையாலேயே செய்கிறவர். ஈரம் பட்டால் சர்க்கரை இளகிவிடும். அதனால் நம் மூச்சுக்காற்றின் ஈரம்கூட அவருக்கு ஆகாது.

"ஏனுங்க, மூச்ச வெளிய போய் உட்டுட்டு வாங்க!" இதுதான் அவர் வாடிக்கையாளரை வரவேற்கும் முறை. கடைக்குள் தும்மிய ஒரு ஆளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். நம்பலாம்.

தர்ஷினி, உனக்கு அப்போது ஆறாவது பிறந்தநாள். கவின் கைக்குழந்தை. அதற்கு முந்தைய அஞ்சு பிறந்தநாளுக்கும் நான் ஊரில் இல்லை. சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போர் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவதுக்கு வந்தவனும் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும்.

"போர் வண்டி கேக்கு வேணும்ப்பா. அதும்மேல நீ உக்காந்திருக்கோணும். நீ போனாலும் அந்த அப்பாவ நான் வெச்சுக்குவேன்" என்றாய்.

அந்தப் பேச்சைக் கேட்டபிறகு அது எனக்குப் பொம்மையாகவே தெரியவில்லை.

மாஸ்டர் போட்டோ கேட்டார். என்னிடம் இருந்தது லைசென்சுக்கு எடுத்ததுதான்.

"இந்த மூஞ்சியப் பாத்தா புள்ள அழுவுமுங்க."

"இதுதானுங்க இருக்குது."

இருந்தபடியே செய்தார். பொம்மையை என் கையில் தர மறுத்து, ஆட்டோவில் தானே வந்தார். கேக் பெட்டி கீழே. மடியில் ஒரு தூக்குப்போசி, அது நிறையப் பொரி. பொரிக்குள் கழுத்து வரைக்கும் நான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம், "புள்ளத்தாச்சிய ஏத்தியிருக்கறதா நெனச்சு ஓட்டு சாமி" என்று கெஞ்சினார். அடுத்த வேகத்தடையில் அதட்டினார்.

ஐந்தரைக்கு வண்டி மேசைமேல் நின்றது. உச்சியில் நான். ஆறு மணிக்குக் கேக் வெட்டவேண்டும். மாஸ்டர் டீ குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மாமன், "புது வண்டிங்க மாப்ள, பூசை போடாம எப்படி எடுக்கறது?" என்று சிரித்துக்கொண்டே முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் பற்றவைத்தார். பதினாலு வருசப் பழக்கம், என் கை சும்மா இருக்குமா? மாவிலையில் மஞ்சள் தண்ணியைத் தொட்டு, பம்பரிலிருந்து உச்சி வரைக்கும் நானே தெளித்தேன்.

"அய்யோ, அப்பாவுக்கு மூக்கு ஒழுகுது!" என்று நீ அலறினாய்.

மூக்கு மட்டுமா? மீசை நகர்ந்து தாடைக்கு வந்துவிட்டது.

டீ கிளாசோடு ஓடி வந்தார் மாஸ்டர். கொன்றுவிடுவார் என்று நினைத்தேன். கடிகாரத்தை மட்டும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து, பாலித்தீனில் சுற்றிய சர்க்கரை மாவு உருண்டையை எடுத்தார்.

"உக்காருங்க. அசையாதீங்க."

என் தலையைத் திருகி எடுத்துவிட்டார்.

கதவுக்கு வெளியே உன் வகுப்புப் பிள்ளைகள், "கேக்கு! கேக்கு!" என்று கூவுகிறார்கள். உள்ளே முதல் தலை கழுத்தில் நிற்காமல் தொங்கிப்போனது. இரண்டாவது தலை காதோரம் வெடித்தது. மிச்சமிருந்த மாவு ஒரே ஒரு தலைக்குத்தான் காணும். மணி ஆறாகப் பத்து நிமிசம்.

"சிரிங்க."

"வர்லீங்க."

"லோடு லாரிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்குதுங்க உங்க மூஞ்சி. சிரிங்க!"

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவாடை நுனியால் மூக்கை மூடியபடி பக்கத்தில் வந்தாய். "மாமா, எங்கப்பாவுக்கு மொத்தம் எத்தன தல போடுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதேதான்! அப்பிடியே இருங்க!"

கன்னம் வலிக்க வலிக்க அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்குப் புதுத் தலை வண்டிமேல் ஏறியது. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடியும் அதைப் பார்த்தாய்.

"இதுதான் அப்பா," என்றாய். "மொதல்ல இருந்தது போலீசு."

கதவைத் திறந்ததும் முப்பது பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள். மாஸ்டர் மிரண்டுபோனார். "இத்தன மூக்குக்கு நடுவுல என்னால நிக்க முடியாதுங்க. வாரேனுங்க" என்று ஒரு துண்டு கேக்கைக்கூட வாயில் போடாமல் ஓடியே போனார். போன வேகத்தில் சாமான்களை மேசையிலேயே விட்டுவிட்டார்.

அப்புறம் நீங்களெல்லாம் அக்கம்பக்கத்து ஊடுகளுக்குக் கேக் கொடுக்கப் போயிருந்தீர்கள். நான் தனியாகக் குழாயடியில் உட்கார்ந்து அவர் சாமான்களைக் கழுவினேன். ஒரு ஊசி, நாலு முடி மட்டும் மிச்சமிருந்த பிரஷ், ஒரு பேனா மூடி. காய்ந்த சர்க்கரையைச் சுடுதண்ணியில் கரைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். டிரில் பிட்டைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. பேனா மூடியின் நுனியில் புதுசாகப் பல் கடித்த தடம் இருந்தது. அந்த மனுசரும் பயந்துதான் இருந்திருக்கிறார். அதை இன்னொரு தரம் துடைத்து, என் புதுத் துண்டில் சுற்றிவைத்தேன்.