கன்னத்தைப் பார்த்துப் பேசுகிறவர்

கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. தரையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. செல்போனைப் பார்த்துக்கொண்டே "ம்... சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கன்னத்தைப் பார்த்துப் பேசுகிற ஓர் இனம் சமீபத்தில் கிளம்பியிருக்கிறதே, கவனித்தீர்களா? இந்த இனத்தானுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஊசி உருளைக்காரர். அவர் டாக்டர் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் பக்கத்து வீடுகூட இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் தபாலில் வந்த ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு ரோலர்.

கைப்பிடியின் நுனியில் விரல் பருமனுக்கு ஓர் உருளை. உருளை முழுக்க மயிரிழை ஊசிகள். மொத்தம் ஐந்நூற்று நாற்பது. நீங்கள் எண்ண வேண்டாம், அவரே பத்து தடவை சொல்லிவிடுவார். தழும்பின் மேலும் சுருக்கத்தின் மேலும் இதை உருட்டினால் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், அதை ஆற்றப் போகிற சாக்கில் உடம்பு புதுத் தோலை வளர்க்கும், மேடு பள்ளம் ஓரளவு சமமாகும். இது நிஜமான வைத்தியம்தான்; படித்த தோல் டாக்டர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை? டப்பா வந்த மறுநாள் காலையிலேயே உலகத்துக் கன்னங்களெல்லாம் தம் பொறுப்பு என்று கிளம்பிவிடுகிறாரே, அந்த மனிதரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரிடம் போய் உங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். "அடடா! பூட்டை உடைச்சா வந்தான்?" என்று பதறுவார். வாய்தான் பதறும். பார்வை உங்கள் மூக்கின் ஓரத்தில் எதையோ அளந்துகொண்டிருக்கும். நீங்கள் பூட்டு, பீரோ, போலீஸ் என்று அழாத குறையாகச் சொல்லி முடித்ததும் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வருவார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து ஓடிவிட வேண்டும். நாம் ஓடுவதில்லை. "சொல்லுங்க" என்று வேறு தொலைக்கிறோம். உடனே "இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்று ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய், இரண்டு விரலால் உங்கள் தோலை இழுத்துப் பிடித்து, "எத்தனை வருஷமா இருக்கு இது?" என்பார். அதுவரை அங்கே ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பிறகு செல்போனில் படம் காட்டுவார். முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது. முன்னால் எடுத்த படத்தில் ஆள் குளியலறை விளக்கின் கீழே, யாரோ திட்டிவிட்ட முகத்தோடு நிற்பார். பின்னால் எடுத்த படத்தில் அதே ஆள் மாடி வெளிச்சத்தில், தலை வாரி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார். "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பார். தெரியாமல் என்ன? சட்டையே வேறு.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த ஊசி உருளைக்காரர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் நல்ல பதவியில் இருக்கிறார். அந்த அலுவலக வாசலிலேயே ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் அதில் ஒரு ஸ்கூட்டர் முக்கால்வாசி மறையும். நாலு வருஷமாகக் கேட்கிறேன், "எஸ்டிமேட் மேல போயிருக்கு சகலை" என்கிறார். ஆனால் என் நெற்றியில் புருவத்துக்கு நடுவே இருக்கிற இரண்டு கோட்டுக்கு எஸ்டிமேட் போட அவருக்கு அரை நிமிஷம் பிடிக்கவில்லை. "ஆறு சிட்டிங். கோடு இருந்த இடம் தெரியாது!"

நல்லவர்தான், பாவம். யாரிடமும் காலணா வாங்கியதில்லை. அதுதான் ஆபத்தே. காசு கேட்டால் யோசிக்கலாம், இலவசம் என்றால் நாம் கழுத்தையே நீட்டிவிடுவோமே! ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாய் விரித்து, துண்டு விரித்து, தோலை மரத்துப்போகச் செய்கிற களிம்பைத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் ஐந்து, குறுக்கே ஐந்து, மூலைக்கு மூலை ஐந்து என்று உருட்டுவார். "கொஞ்சம் ரத்தம் எட்டிப் பார்க்கணும். அப்பத்தான் தோலுக்கு ஒரு பயம் வரும்" என்பது அவர் சித்தாந்தம். வீட்டில் உபயோகிக்கிற ரோலரில் ஊசி இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் நீளம் இருக்கும். இவர் வாங்கியதோ டாக்டர்கள் கையில் இருக்க வேண்டிய நீளம். "பெரிய பள்ளத்துக்குப் பெரிய ஊசி" என்று தொழில் புத்தியில் வாங்கியிருக்கிறார்.

இதையெல்லாம் நான் தூர நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். நமக்கென்ன என்று இருந்தேன். ஒரு நாள் அவர் பார்வை என் மகள் கன்னத்தில் விழுந்தது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. ஆறு வயதில் அம்மை போட்டபோது சொறியாதே சொறியாதே என்று நாங்கள் கத்தக் கத்தச் சொறிந்து சம்பாதித்தது. சிரித்தால் கொஞ்சம் ஆழமாகும், அவ்வளவுதான். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். புதன்கிழமை நேர்முகத் தேர்வு. ஊருக்குள் வருகிற குடிதண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. இவள்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இவள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. படிப்பு இருந்தது, மார்க் இருந்தது. விண்ணப்பத்துக்கான போட்டோகூடப் பிரமாதமாக வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் பக்கத்தில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்து எடுத்து வாங்கிய போட்டோ ஆயிற்றே!

தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்தார். கப்பை வைத்தார். "ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டியேம்மா?"

அன்றிலிருந்து பெண் மாறிப்போனாள். சாப்பிட உட்கார்ந்தால் எல்லோருக்கும் இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள், வலது கன்னம் மட்டும் நம் பக்கம் இருக்கும்படி. பேசும்போது ஒரு கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. ஒத்திகைக்காக நான் அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பதிலுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நன்றாக இருந்த பெண்ணை இப்படி ஆக்கிவிட்டாரே பாவி! புதன்கிழமை இவள் இப்படிக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் வேலை என்னாவது?

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில், டப்பாவும் கையுமாகச் சகலை வந்து நின்றார். முந்தின நாள்தான் தமக்குத் தாமே உருட்டிக்கொண்டாராம். முகம் செக்கச்செவேல் என்று வீங்கி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. "சூப்பரா எடுத்திருக்கு" என்றார். எது எடுத்தது, எதை எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

நான் மறுப்பதற்குள் என் மகளே பாயில் போய்ப் படுத்துவிட்டாள். அவர் களிம்பைத் தடவிவிட்டு, வெந்நீர் வைக்கச் சமையலறைப் பக்கம் போனார். வெள்ளைக் கன்னத்தோடு அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம்? அந்த ஆள் சொன்னாருன்னா நீயும் படுத்துடறதா? அந்தக் குழியை நாங்க யாராவது என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமா?"

அவள் திரும்பவில்லை.

"போட்டோவுல இருக்கற பொண்ணு மாதிரி போக வேண்டாமாப்பா?"

"எந்தப் போட்டோ?"

"விண்ணப்பத்துல ஒட்டினது. நான் முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள அந்த ஸ்டூடியோ அண்ணன்கிட்ட, 'கன்னத்துல அந்த இடத்தைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க'ன்னு சொன்னீங்கல்ல? கதவுகிட்டதான் நின்னேன். அவரே கேக்கலப்பா. நீங்களா சொன்னீங்க. புதன்கிழமை அவங்க அந்தப் போட்டோவையும் பார்ப்பாங்க, என்னையும் பார்ப்பாங்க. சித்தப்பா சொன்னப்போ எனக்கு ஒண்ணும் ஆகல. அவர் எல்லாரையும் சொல்றவரு. வீட்டுலயும் எல்லாரும் அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களான்னுதான்..."

இரண்டு வாரமாகச் சகலைக்குக் கொடுத்த அத்தனை திட்டும் வரிசையாகத் திரும்பி வந்து என் வாசலில் நின்றன.

நல்ல வேளை, அதற்குள் சமையலறையில் என் மனைவியின் குரல் உயர்ந்தது.

"இதே ரோலரையா உங்களுக்கும் போட்டீங்க?"

"ஆமா அண்ணி."

"என் தங்கச்சிக்கு?"

"அதேதான். நம்ம குடும்பத்துக்குள்ளதானே? எதிர் வீட்டுக்காரர், ஆபீஸ் டிரைவர் ரெண்டு பேரைத் தவிர வெளியாள் யாரும் தொட்டதில்ல."

"ரத்தம் வர உருட்டின ஊசியை அடுத்தவங்களுக்கு உருட்டுவீங்களா?"

"வெந்நீர்ல ஒரு முக்கு முக்கிடறேனே அண்ணி!"

பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூடக் கணவனோடு பங்கு போடாதவள் என் மனைவி. மேற்கொண்டு அங்கே நடந்ததை எழுதினால் என் சகலை இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். டப்பா குப்பைக்குப் போயிற்று. "உங்க வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, அந்த ரெண்டு பேரையும் சேர்த்து" என்ற உத்தரவோடு அவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் அலுவலகத்தில் முகத்தைப் பார்த்து வருகை பதிகிற இயந்திரம் மூன்று தடவை பார்த்துவிட்டு, "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று கதவைத் திறக்க மறுத்ததாகக் கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நானும் மகளும் ஸ்டூடியோவுக்குப் போனோம்.

"சொல்லுங்க சார், எதை எடுக்கணும்?"

"எதையும் எடுக்க வேண்டாங்க. போன தடவை எடுத்ததைத் திருப்பி வைங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்ல வேளையாகப் பழைய படம் கணினியில் இருந்தது. குழி அதன் இடத்துக்கு வந்தது. அவள் குனிந்து பார்த்து, "ம், இது நான்" என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தெருவில் வைத்துக் கேட்டதால் அவளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. "சரி விடுங்கப்பா. எனக்கா வேணும்னு தோணிச்சுன்னா தோல் டாக்டரை நானே போய்ப் பார்த்துக்கறேன். எனக்குத் தோணிச்சுன்னா" என்றாள்.

புதன்கிழமை குழி திரும்பி வந்த அந்தப் போட்டோவோடு போனாள். திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"கன்னத்தைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"தண்ணியைப் பத்திக் கேட்டாங்கப்பா" என்றபடி உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தாள். சாப்பிடும்போது எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் உட்காருகிறாள். ஊசி உருளை வாங்காமலேயே அந்த இனத்தில் சேர முடியும் என்பதற்கு நான் இருக்கிறேன் சாட்சி.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, அப்படித்தானே? ரொம்ப சந்தோஷம். எந்தப் போட்டோவையும் "லேசா சரி பண்ணி" யாருக்கும் அனுப்பியதில்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் "என்ன, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு?" என்று வாசலிலேயே கேட்டதில்லை. ஆனாலும், ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டில் யாரோ ஒருவருடைய முகம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்த முகத்தில் முதலில் ஞாபகம் வந்த இடம் எது?