தேவையற்ற பதவி

மேலாணைபுரியில் யோசிக்கும் உரிமை மன்னருக்கு மட்டுமே இருந்தது. கூரை ஒழுகினாலும் மாடு தொலைந்தாலும் மக்கள் மனு எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதில் வரத்தான் செய்தது. மழைக்காலத்துக் கூரைக்குக் கோடையில் வந்தது.

தென்கோடி ஏரிக்கரை ஊர்களுக்கு அதிகாரி பூங்காவனம். அந்த அம்மாளுக்கு மனுவை மேலே தள்ளிவிடும் பழக்கமில்லை. வந்தவரை உட்காரவைத்து, "நீங்க என்ன பண்ணிப் பாத்தீங்க? இன்னும் என்ன பண்ணலாம்?" என்று கேட்பார். பதில் நாக்கு நுனிவரை வந்தாலும் விழுங்கிக்கொள்வார். மடைக்காவல்காரன் சடையன் ஒருமுறை கரையின் ஓட்டையை வைக்கோலால் அடைத்தான். அரை நாளில் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளும் அவனையே அடைக்கச் சொல்லிக் கூடவே சேற்றில் நின்றார். இந்தப் பொறுமைக்கு எந்த நாட்டிலும் தனிச் சம்பளம் கிடையாது.

மனுவே வராத பகுதியை அரண்மனை சந்தேகித்தது. ஒவ்வோர் அதிகாரியும் மாதம் நூறு பிரச்சினை அனுப்ப வேண்டும் என்று ஆணை பிறந்தது. மற்றவர்கள் நல்ல சாலையைத் தோண்டிவிட்டு, குழியைப் பற்றி மனு எழுதினார்கள். அதில் விழுந்தவர்களின் முறிந்த கால் தனி மனுவானது. பூங்காவனம் ஒன்றும் அனுப்பவில்லை. வேலை செய்யாத குற்றத்துக்காக அவரைத் தலைநகருக்கு இழுத்துப்போனார்கள்.

விசாரணை நடந்த வாரம் அடைமழை. தண்டனைக்கு அவர் பயப்படவில்லை. ஏரி உடைந்தால் ஏழு ஊர் போய்விடுமே என்று, தெற்கிலிருந்து வந்தவரிடமெல்லாம் கரையைப் பற்றியே விசாரித்தார்.

ஐந்தாம் நாள் சேதி வந்தது. கரை உடையாமல் நின்றுவிட்டது. சடையன் ஊரைக் கூட்டி, ஒவ்வொருவரிடமும் யோசனை கேட்டு, வாய்க்காலை அகலமாக வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டானாம். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லையாம். பூங்காவனம் சபை நடுவில் நின்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

தலைமை அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். "அதிகாரி இல்லாமலே ஏரி காப்பாற்றப்பட்டுள்ளது. ஆகவே அப்பதவி தேவையற்றது. எழுதும்."

எழுத்தர் அப்பாவி. எழுதி முடித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்: "இந்த மழைக்கு மன்னரும் உத்தரவு எதுவும் போடலீங்களே, பிரபு. அந்தப் பதவியையும் இதிலேயே சேத்து எழுதிடவா?"

அமைச்சர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். பூங்காவனத்தின் பதவி நாட்டுக்கு இன்றியமையாதது என்று, அன்று மாலையே மன்னர் தம் கையால் எழுதிக் கொடுத்தார்.